லிங்கசாமிக்குப் பேச்சு நின்ற கோடை

மங்கலத்துக்கு மேற்கே செங்காட்டுப்பாளையம் என்று ஒரு ஊர். அங்கே நாலாம் வீதியில் எது நடந்தாலும் முதலில் லிங்கசாமிக்குத்தான் தெரியவேண்டும். தெருவிளக்கு எரியவில்லையென்றால் கரண்ட் ஆபீசுக்கு யாரும் சொல்லமாட்டார்கள், லிங்கசாமியிடம் சொல்வார்கள். குப்பை வண்டி வரவில்லையென்றாலும் லிங்கசாமிதான். நாய் கடித்தவன்கூட ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, காலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவான்.

அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஐம்பத்தாறு வயதில் அவரிடம் இருந்தது இரண்டு செல்போன், தினமும் தேய்த்த வெள்ளைச் சட்டை, ஒரு குரல். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. நாலாம் வீதியின் இந்த முனையில் நின்று "ஹலோ" என்றால் அந்த முனையில் துணி காயப்போடுகிறவள் திரும்பிப் பார்ப்பாள். பதினோரு வருடமாக அந்தக் குரல்தான் வீதியை நடத்திக்கொண்டிருந்தது.

வீட்டை நடத்தியது கண்ணம்மாள். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட செட்டில் எட்டுத் தையல் மிஷின்கள். கம்பெனிகளில் வெட்டிய துணி மூட்டையாக வந்து இறங்கும், பனியனாகத் தைத்துத் திரும்பிப் போகும். ஊரில் பவர்டேபிள் என்பார்கள். அதற்கு முதலாளி என்று பலகையில் எழுதியிருந்தது லிங்கசாமியின் பெயர். எந்த மிஷின் எந்த வேலைக்கு என்று அவரைக் கேட்டால், "அதெல்லாம் அம்மிணி பாத்துக்கும்" என்பார்.

பங்குனி மாதம் அந்தக் குரல் கரகரத்தது. அப்புறம் உடைந்தது. ஊர்த் திருவிழாவுக்குப் பொங்கல் சாட்டி நாள் குறித்த அன்று கோயில் வாசலில் நன்றி சொல்ல எழுந்தவருக்குக் காற்றுதான் வந்தது. கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள் கண்ணம்மாள். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாணில் கடுகளவு கட்டி என்று சொல்லி, ஒரு நாள் படுக்க வைத்து எடுத்தும்விட்டார்.

"ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது. அது இன்னும் மோசம்."

கண்ணம்மாள் டாக்டரைக் கும்பிட்ட விதத்தில் கொஞ்சம் கூடுதலான நன்றி இருந்ததை லிங்கசாமி கவனித்தார்.

எட்டு நாள் தாக்குப்பிடித்தார். ஒன்பதாவது நாள் காலை ஒரு மூட்டை லாரி ரிவர்ஸில் வந்து, அவர் ஆறு மாதம் அலைந்து போட வைத்த விளக்குக் கம்பத்தை இடிக்கப் போனது. "நிறுத்துறா!" என்று கத்திவிட்டார். கம்பம் தப்பியது.

திரும்பவும் கோயமுத்தூர். "எத்தனை வார்த்தை பேசுனீங்க?" என்றார் டாக்டர்.

லிங்கசாமி ஒரு விரலைக் காட்டினார்.

"அந்த ஒண்ணுக்கு இன்னும் ஆறு வாரம்."

பஸ்ஸில் வரும்போது கண்ணம்மாள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெறுமனே உக்காந்திருந்தா உங்குளுக்கு வாயி நமநமன்னுதானுங் இருக்கும். செட்டுக்கு வாங்க. பிசிறு வெட்ட ஆளு பத்தல."

தைத்து முடித்த பனியனில் தையல் முனையெல்லாம் நூல் தொங்கும். அதைச் சின்னக் கத்திரியால் நறுக்கிவிடவேண்டும். அதுதான் பிசிறு வெட்டுவது. செட்டில் அந்த வேலையைச் செய்தது வேலாத்தாள். அறுபது வயது, எதிர்வீடு, கண்ணாடி போடாமலே நூலைப் பார்க்கிறவள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வெள்ளைச் சட்டையோடு லிங்கசாமி உட்கார்ந்தார். முதல் நாள் பதினேழு பனியன் வெட்டினார். அதில் மூன்றில் ஓட்டை போட்டார்.

"நூல வெட்டச் சொன்னா துணிய வெட்டறயே லிங்கசாமி" என்றாள் வேலாத்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவள் மேலே சொன்னாள்: "இப்பிடித் திருப்பிப் பேசாம இருந்தயின்னா சீக்கிரம் வேலயக் கத்துக்குவ."

பேச்சு நின்றாலும் ஆள் வருவது நிற்கவில்லை. தினமும் நான்கைந்து பேர் வந்து, அவர் ஸ்டூலுக்கு முன்னால் நின்று குறையைச் சொல்லி, அவர் முகத்தையே பார்த்தார்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதிக் காட்டினார். அவர் கையெழுத்து அவருக்கே புரிய வெளிச்சம் வேண்டும். அதனால் ஜாடையில் இறங்கினார். அதில்தான் ஆறுமுகசாமி வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் போனது.

ஆறுமுகசாமிக்கும் அவர் தம்பிக்கும் நடுவில் ஒரு சுவர். தம்பி உயர்த்திக் கட்டிவிட்டான், வெளிச்சம் வரவில்லை என்று அண்ணன் வந்து சொன்னார். 'சின்ன விசயம், பெருசு பண்ணாதீங்க' என்று சொல்ல நினைத்த லிங்கசாமி, உள்ளங்கையை இடுப்பளவுக்கு இறக்கிக் காட்டினார். அன்று சாயங்காலமே சுவர் இடுப்பளவுக்கு இடிபட்டு நின்றது. தம்பி ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. "லிங்கசாமி அண்ணன் அளவு சொல்லிட்டாங்களாமா" என்று அவனே கடப்பாரை எடுத்துக் கொடுத்தானாம்.

விஷயம் தெரிந்து லிங்கசாமி இரண்டு நாள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சித்திரை பிறந்தது. தகரக் கூரைக்குக் கீழே மிஷின்கள் சூடேறி, தைக்கிறவர்களின் முழங்கை மிஷின் மேல் பட்டால் எரிந்தது. தண்ணீரும் அதற்கு ஒரு வாரம் முன்பே நின்றிருந்தது.

நாலாம் வீதி குழாய் லைனின் வால் முனை. மேலே மூன்று வீதிக்காரர்களும் பிடித்து, தொட்டி காலியாகும்போது மிச்சம் இருந்தால் இங்கே வரும். பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் என்று பேர். பன்னிரண்டாகும், பதினான்காகும். அந்தச் சமயத்தில் லிங்கசாமி போனை எடுத்து, தொட்டிக்கு ஆப்பரேட்டரான வேல்குமாரைக் கூப்பிடுவார். "வேலு, நம்ம வீதிக்குச் சித்த தொறந்து உடு சாமி" என்றால் ஒரு மணி நேரத்தில் குழாய் சீறும். பெண்கள் குடத்தோடு ஓடுவார்கள். லிங்கசாமி வாசலில் நின்று பார்ப்பார். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

இந்தமுறை பதினாறாவது நாளும் வரவில்லை. கேன் தண்ணீர் வாங்கி மாளவில்லை. கண்ணம்மாளின் செட்டில் இரண்டு தையல்காரர்கள், குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் எப்படி அக்கா என்று சொல்லி, மேல் வீதியில் வேறு பவர்டேபிளுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் கொடுக்கவேண்டிய சரக்கு மூட்டையாகக் கிடந்தது.

பதினேழாவது நாள் வாசலில் கூட்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற இசக்கிமுத்து, லிங்கசாமியின் போனை வாங்கி வேல்குமாருக்குப் போட்டான்.

"லிங்கசாமி அண்ணாச்சி சொல்லுதாவ. தண்ணியத் தொறந்து விடணுமாம்."

"அண்ணனப் பேசச் சொல்லுங்க."

"அண்ணாச்சிக்குப் பேச்சு வராதுல்லா."

"பொறவெப்பிடிங்க நம்பறது? ஆராராரோ கூப்புட்டாத் தொறக்க முடியுங்களா?"

இசக்கிமுத்து போனை லிங்கசாமியின் வாய்க்கருகில் வைத்தான். "அண்ணாச்சி, லேசா ஒரு இருமல் மட்டும்."

லிங்கசாமி கண்ணம்மாளைப் பார்த்தார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அளவாக இருமினார்.

"இருமல் ஆரு வேண்ணாலும் இருமலாங்க" என்று சொல்லி வேல்குமார் போனை வைத்துவிட்டான்.

கூட்டம் கலையாமல் நின்றது. இனி என்ன செய்வது என்று எல்லாரும் லிங்கசாமியைப் பார்த்தார்கள். அவருக்கும் தெரியவில்லை. ஆனால், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் குளிர்ந்தது. தான் இல்லையென்றால் இந்த வீதிக்குத் தண்ணீர்கூட வராது என்பதைத் தொட்டிக்காரனே சொல்லிவிட்டானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை செட்டில் மிஷின்களை ஓரம் தள்ளிவிட்டுப் பத்திருபது பேர் உட்கார்ந்தார்கள். கண்ணம்மாள்தான் கூப்பிட்டாள். கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற ஜெயபாரதியும் வந்திருந்தாள். வாரம் ஆறு நாள் பனியனில் குறை கண்டுபிடிக்கிறவள், ஏழாவது நாளும் முகத்தில் அதே பார்வை. வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிற பீகார்க்காரன் ராம்பிரவேஷ் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"மே ஒண்ணாந் தேதி கெராம சபைக் கூட்டம் இருக்குது. கம்பெனியெல்லாம் லீவு. எல்லாருமாப் போயிக் கேப்பம்" என்றாள் கண்ணம்மாள்.

"போலாங்க்கா. ஆனா ஆரு பேசறது?" என்றார் ஆறுமுகசாமி.

எல்லாருடைய கண்ணும் பழக்கத்தில் லிங்கசாமியிடம் போய், அவர் தொண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பின.

"மாசம் ஒண்ணு பொறுத்தா அண்ணாச்சிக்குச் சரியாயிரும்" என்றான் இசக்கிமுத்து.

"ஒரு மாசம் தண்ணி குடிக்காம இருப்பியா நீயி?" வேலாத்தாள் கத்திரியைக் கீழே வைத்தாள். "ஏம் மாஸ்டரு, உங்க கம்பெனில ஒரு பனியன ஒரே ஆளா தெக்கறான்?"

"இல்ல பெரியம்மா. நான் வெட்டுவேன். ஒருத்தன் தோளு மூட்டுவான், ஒருத்தன் கை, ஒருத்தன் கழுத்து..."

"அப்பறம் பேசறதுக்கு மட்டும் எதுக்கு ஒரே ஆளு? ஆளுக்கொரு தையலு போடுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா சீல் போட்டுக் குடுக்கற வரைக்கும் ஆபீசுல உக்காந்திருக்க முடியும். அது எம்பட வேல."

ஜெயபாரதி நோட்டை விரித்தாள். "டேட்டா வேணுங்க. எந்தெந்தத் தேதி வந்துது, எத்தன நிமிசம் வந்துது, எத்தன கொடம். ஊட்டுக்கு ஊடு கேட்டு எழுதோணும்." அவள் பத்துப் பத்து வீடாகப் பிரித்தாள். எண்களைச் சொல்வது இசக்கிமுத்து. தண்ணீர் வராததால் வேலை போவதைச் சொல்வது கண்ணம்மாள். வரிசை வீடுகளைக் கணக்கெடுப்பது ராம்பிரவேஷ்.

"என்னென்ன கேக்கறது?" என்றார் ஆறுமுகசாமி.

இதில் அரை மணி நேரம் சண்டை. ஒருவருக்குப் புதுத் தொட்டி வேண்டும், ஒருவருக்கு லாரித் தண்ணீர், ஒருவருக்கு வேல்குமாரை வேலையை விட்டுத் தூக்கவேண்டும். லிங்கசாமி ஸ்டூலில் நெளிந்தார். அவர் மட்டும் பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார். கடைசியில் யார் சொன்னது என்று தெரியாமலே ஒன்று நிலைத்தது: நாலாம் வீதிக்குத் தனி வால்வு, வாரத்தில் ஒரு நிச்சயமான நாள்.

இரண்டு நிமிடத்தில் தான் என்ன முடித்திருப்போம் என்று லிங்கசாமி யோசித்துப் பார்த்தார். ஒரு லாரி வரவழைத்திருப்பார்.

இருந்தாலும் மனது கேட்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, கூட்டத்தில் படிப்பதற்கென்று பதினொரு பக்கம் எழுதி ஜெயபாரதியிடம் கொடுத்தார். 'நீரின்றி அமையாத இந்த நிலவுலகில்' என்று தொடங்கியது. அவள் சிவப்புப் பேனாவோடு படித்தாள்.

"சித்தப்பா, நல்லாத்தான் இருக்குது. ஆனா தண்ணிங்கற பேச்சு ஏழாவது பக்கத்துலதானுங் வருது."

ஒரே ஒரு வரிக்காக ஏழாவது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன மூட்டையைத் திருப்பிக் கொண்டுவருகிறவனைப்போல லிங்கசாமி அந்தப் பத்துப் பக்கத்தோடு வீடு வந்தார். அன்றிரவு சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இதை மறைக்க முடியாது: அவர்கள் அன்று கொஞ்சம் தடுமாறவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். தோற்கவேண்டாம். தடுமாறி, அண்ணன் இருந்திருந்தால் என்று ஒருவராவது வாய்விட்டுச் சொன்னால் போதும்.

மே ஒன்று. பள்ளிக்கூட வளாகத்தில் வேப்ப மரத்தடியில் சாமியானா. ஊராட்சித் தலைவர், உறுப்பினர்கள் எல்லாருக்கும் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் வராத சமயம். அதனால் ஒன்றியத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி நடு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஊராட்சிச் செயலர் மகுடேஸ்வரன், கட்டுக் கட்டாகப் பதிவேடுகளோடு. வழக்கமாக முப்பது பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போகிற கூட்டம். அன்று நாலாம் வீதியிலிருந்து மட்டும் எழுபது பேருக்கு மேல். டீ முதல் வரிசையிலேயே தீர்ந்துவிட்டது.

முதலில் இசக்கிமுத்து எழுந்தான். நான்கு நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தது எல்லாம் மைக்கைப் பார்த்ததும் போய்விட்டது. "ஏப்ரல் மாசத்துல... ஏப்ரல் மாசத்துல..." என்றான். அதற்குமேல் நகரவில்லை.

லிங்கசாமி ஆசைப்பட்ட தடுமாற்றம் வந்துவிட்டது. வந்ததும் அது வேண்டாம் என்றிருந்தது அவருக்கு. தன்னையறியாமல் நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "ஒரே நாளு!" என்றது. இன்னொன்று, "அதுவும் அம்பத்தஞ்சு நிமிசம்!" "நாப்பத்திரெண்டு ஊட்டுக்கு!" "எங்கூட்டுக்கு மூணே கொடம்!" இசக்கிமுத்து விட்ட இடத்தையெல்லாம் வீதியே இட்டு நிரப்பியது. வீடு வீடாகக் கேட்டு எழுதினதில் எண்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகியிருந்தன. லிங்கசாமி திரும்ப உட்கார்ந்தார்.

ராம்பிரவேஷ் எழுந்து, வரிசை வீட்டில் முப்பத்தொரு பேர், ஒரு குழாய் என்றான்.

"உங்களுக்கு இங்க ஓட்டு இருக்குதுங்களா?" என்றார் மகுடேஸ்வரன்.

"ஓட்டு பீகார்ங்க அண்ணா. தாகம் இங்கேங்க."

அவன் எல்லாச் சொல்லுக்கும் 'ங்க' போட்டதில் கூட்டம் சிரித்துவிட்டது. அதிகாரியும் சிரித்து, அதையும் குறித்துக்கொண்டார்.

கண்ணம்மாள் பேசியபோது குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "ரெண்டு ஆளு வேலைய உட்டுட்டுப் போயிட்டாங்க. காரணம் கூலியில்லீங்க, குடிக்கத் தண்ணியில்லீங்க. வாரத்துல ஒரு நாளு, இன்ன கெழம, இன்ன மணின்னு சொல்லிப்போடுங்க. நாங்க அதுக்குத் தக்கன இருந்துக்கறம்."

அதிகாரி மகுடேஸ்வரன் பக்கம் திரும்பினார். "நாலாம் வீதியிலிருந்து இதுவரைக்கும் எத்தனை புகார் வந்திருக்கு?"

மகுடேஸ்வரன் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். பிறகு அடியிலிருந்து பழைய பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லீங் மேடம்."

"ஒண்ணுமே இல்லையா?"

"முத வீதி இருக்குதுங். ரெண்டு, மூணு இருக்குதுங். அதனாலதான் அவங்களுக்கு லைன் மாத்திக் குடுத்தமுங். நாலாம் வீதில தண்ணிக் கஷ்டம்னு ஆரும் எழுதிக் குடுக்கவே இல்லீங். பதினோரு வருசமா."

சாமியானாவுக்குக் கீழே ஒவ்வொரு தலையாக லிங்கசாமி பக்கம் திரும்பியது. யார் முகத்திலும் கோபம் இல்லை. ஒரு விடுகதைக்கு விடை தெரிந்த மாதிரி இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருடம் ஒவ்வொரு முறையும் அவர் போன் போட்டார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு முறையும் காகிதத்தில் எழுதவேண்டிய ஒரு குறை, வேல்குமாரின் காதோடு முடிந்துபோனது. சொல்வதற்கு அவரிடம் ஆயிரம் சமாதானம் இருந்தது. வாய் இல்லை. வாய் இருந்திருந்தால் சொல்லித் தப்பித்திருப்பார் என்று அவருக்கே தெரிந்தது.

மகுடேஸ்வரன் இளகிய குரலில் சொன்னார்: "இதுக்கெல்லாம் எதுக்குங் தீர்மானம், வால்வுன்னு? ஒன்றியத்துக்குப் போயி, மதிப்பீடு போட்டு, மாசக் கணக்காவும். அண்ணன் இங்கதான இருக்கறாங்க. எப்பவும் போல அண்ணன் ஒரு தலைய ஆட்டட்டும், நான் வேலுகிட்டச் சொல்லி இன்னிக்கு சாயந்தரமே தொறந்து உடச் சொல்றனுங். என்னங்ணா?"

இன்று சாயங்காலமே தண்ணீர். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. லிங்கசாமியின் கழுத்து அந்த ஆட்டலுக்குத் தயாராகவே இருந்தது. கண்ணம்மாளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தான் கேட்டதற்குப் பதில் வரும் என்று அந்த அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அவள் இப்படி நின்று அவர் பார்த்ததில்லை.

லிங்கசாமி கையை அசைத்தார். வேண்டாம் என்று.

"அண்ணன் வேண்டாங்கறாங்க!" என்றார் ஆறுமுகசாமி.

"எது வேண்டாமுங்க? தண்ணியா, தீர்மானமா?" என்றார் மகுடேஸ்வரன்.

"மாத்திக்கீத்திப் புரிஞ்சுக்காதீங்க, எங்கூட்டுச் சொவுரு அப்பிடித்தான் போச்சு!"

லிங்கசாமி நோட்டை எடுத்தார். இந்தத் தடவை அவசரப்படாமல், குழந்தை எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினார். வேலாத்தாள் அதைப் பிடுங்கி ஜெயபாரதியிடம் கொடுத்தாள். ஜெயபாரதி படித்தாள்:

"'என்னைக் கேட்க வேண்டாம். கேட்டவங்களுக்குப் பதில் சொல்லுங்க.'"

அதிகாரி பேனாவைத் திறந்தார். தனி வால்வு. அதுவரைக்கும் வாரா வாரம் வியாழன், காலை ஆறிலிருந்து எட்டு வரை. வந்த நேரத்தை வீதிக்காரர்களே வீட்டுக்கு ஒரு மாதம் முறைவைத்து எழுதி ஆபீசில் கொடுக்கவேண்டியது. ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். லிங்கசாமியும் தூக்கினார். மகுடேஸ்வரன் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். அவரிடம் வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. "நாப்பத்தேழு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனது.

முடிந்ததும் எல்லாரும் கிளம்பினார்கள். வேலாத்தாள் கிளம்பவில்லை. "எழுதுனதப் படிங்க சாமி" என்றாள். படித்தார்கள். "வியாழக்கெழமய உட்டுட்டீங்க" என்றாள். பார்த்தால், விட்டுத்தான் போயிருந்தது. எழுதினார்கள். நகல் வேண்டுமென்றாள். நாளைக்கு வாங்க என்றார்கள். "எனக்கு நாளைக்குப் பிசிறு வேல இருக்குது" என்று அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை மணிக்குச் சீல் போட்ட நகலோடு வீடு வந்து, அதற்கப்புறம்தான் சோறு தின்றாள்.

அடுத்த வியாழன் தண்ணீர் வரவில்லை.

ஆறு மணிக்குக் குடங்களோடு நின்றவர்கள் எட்டு மணிக்கு லிங்கசாமி வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் போன் இருந்த பையில் கை வைத்தார். அதற்குள் ஜெயபாரதி நகலை எடுத்து நீட்ட, ஆறுமுகசாமி தன் வண்டியைக் கிளப்ப, பின்னால் நாலைந்து வண்டிகள் ஆபீசுக்குப் போயின. அன்று புகார்ப் பதிவேட்டில் நாலாம் வீதியின் முதல் புகார் ஏறியது. அதற்கு எண் கொடுத்து, ரசீது கொடுத்தார் மகுடேஸ்வரன். வேலாத்தாள் ரசீதில் சீல் எங்கே என்று கேட்டாளாம்.

அதற்கடுத்த வியாழன், ஆறு நாற்பதுக்கு, லிங்கசாமி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது குழாய் கனைத்தது. முதலில் காற்று, அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு நல்ல தண்ணீர். அவர் வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடினார். பழக்கம்தான். வீதியில் அவரைப் பார்த்து யாரும் கும்பிடவில்லை. அவரவர் குடத்தில் கவனமாக இருந்தார்கள். அந்த மாத முறைக்காரரான ஆறுமுகசாமி மணியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"வேடிக்க பாக்கறீங்களா? கொடத்தப் புடிங்க!" என்று கண்ணம்மாள் ஒன்றைக் கையில் திணித்தாள். ஏழு குடம் சுமந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. போய்விட்ட இரண்டு தையல்காரர்களில் ஒருத்தி திங்கட்கிழமை திரும்பி வந்தாள்.

ஆறு வாரமும் முடிந்தது. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "இனி பேசலாம். எங்க, ஏதாவது சொல்லுங்க" என்றார்.

இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சு நெஞ்சு வரைக்கும் இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் விழித்தார். பிறகு கண்ணம்மாள் பக்கம் திரும்பி, பழைய குரலில் பாதியாக, "காலைல நீ சாப்டயா?" என்றார்.

கண்ணம்மாள் டாக்டரைப் பார்த்தாள். "குரல் வேறயாளுதாட்டம் இருக்குதுங்களே டாக்டர்."

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபோது வாசலில் அஞ்சாம் வீதி கிட்டுசாமி காத்திருந்தார். அஞ்சாம் வீதி பவர்டேபிள் செட்டின் பின்சுவரை ஒட்டின வீதி, தண்ணீர் லைன் வேறு.

"அண்ணா, குரல் வந்துருச்சாமா! நெம்ப சந்தோசமுங்ணா. எங்க வீதில பாருங்க, பதினெட்டு நாளாச்சு நல்ல தண்ணி வந்து. நாலாம் வீதி பண்ற மாதிரி நோட்டு, கூட்டம், இதெல்லாம் எங்காளுகளுக்கு ஆவாதுங்ணா. உங்குளுக்கென்ன, ஒரே ஒரு போனு."

லிங்கசாமி போனை எடுத்தார். வேல்குமார் பெயர் மேலாகவே இருந்தது. தொட்டால் போதும். ஒரு மணி நேரத்தில் அஞ்சாம் வீதியில் தண்ணீர் சீறும், கிட்டுசாமி ஊரெல்லாம் சொல்வார். அந்த ருசி நாக்குக்கு ஞாபகம் இருந்தது. கண்ணம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போனாள்.

"பதினெட்டு நாளுன்னு எழுதி வெச்சிருக்கறீங்களா?" என்றார் லிங்கசாமி.

"எழுதறதெதுக்குங்ணா, நீங்க இருக்கறப்ப?"

"வாங்க இப்பிடி" என்று செட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். வேலாத்தாள் மடியில் பனியனோடு நிமிர்ந்து பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் கேட்டாள்: "உங்க வீதில எத்தன ஊடு?"

"ஒரு முப்பது இருக்குமுங்."

"இருக்குமா, இருக்குதா?"

கிட்டுசாமி காப்பாற்றச் சொல்லி லிங்கசாமியைப் பார்த்தார். லிங்கசாமி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பனியனை எடுத்துத் தையல் முனையைத் தேடினார்.

"எண்ணிட்டு வாங்க" என்றார்.

கிட்டுசாமி சற்று நேரம் நின்று பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மிஷின் நின்ற இடைவெளியில், பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நாலாவது வீட்டில் ஒரு பெண் குரல் அதட்டியது: "ஏனுங், எங்கூட்டப் பாத்து என்னத்த எண்ணறீங்க?"

அவர் என்னவோ சொன்னார். அவள் என்னவோ கேட்டாள். ஒரு கதவு திறந்து மூடும் சத்தம்.

அப்புறம் எண்ணிக்கை மறுபடியும் தொடங்கியது. இந்தத் தடவை இரண்டு குரலாக.